சிரஞ்சீவியில் மாட்டிக்கொண்ட எழுத்து

கீழ்பென்னாத்தூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒரு சின்ன அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவரின் காலடியில் கோழிக்கூடை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“இன்னாப்பா, கண்ணு தெரியாதா?”

“நல்லா தெரியும்ங்க. என் பேரைத் தடவிப் பாக்கறேன்.”

அவர் கூடையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

பொய் சொல்லவில்லை. அட்டையில் ‘கோ. சிங்காரம்’ என்ற எழுத்துகள் மேடாக எழும்பி நின்றன. விரல் போகும்போது ஒவ்வொன்றும் தட்டியது. மெட்ராஸில் அச்சடித்து வந்த விசிட்டிங் கார்டு. பஸ் முழுக்க மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையின் மண் வாசனை. அதற்கு நடுவே என் மடியில் மட்டும் புது மை வாசனை. என் பெயர் தரையை விட்டு உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குப் பெண்ணுக்குப் பூ வைக்கிற நாள். அம்மாவும் என் தாய்மாமனும் தட்டு, பழம், புடவையோடு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். மாப்பிள்ளையாகிய நான் மட்டும் மெட்ராஸ் பொட்டலத்துக்காகப் பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்டு, தனியாக, தாமதமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

போன வாரம் நான் வறண்ட கிணற்றில் நீச்சல் பழகிய கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகர் வயிறு வலிக்கச் சிரித்ததாக எழுதியிருந்தார். ஐயா, இந்த வாரம் உங்கள் வயிறு தப்பித்தது.

காணாமல் போனவன்

என் பதற்றத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் இந்தக் கதை விளங்காது.

சிலருக்குப் பதறினால் கை நடுங்கும். சிலருக்கு வியர்க்கும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். திறந்தால் அதிலிருந்து ஒரு ஜோக் வந்து விழும். நான் அழைப்பதில்லை, அதுவாக வரும், கூப்பிடாத கல்யாணத்துக்கு முதல் பந்தியில் உட்காருகிறவன் மாதிரி.

பள்ளிக்கூடம் முடித்த புதிதில், கார்த்திகை தீபக் கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டேன். நேராக மைக் வைத்திருந்த பந்தலுக்குப் போனேன். “யாரக் காணோம்?” என்று போலீஸ்காரர் கேட்டார். பதற்றத்தில், “என்னத்தான் காணோம்ங்க” என்றேன். அவரும் அறிவித்துவிட்டார். சிங்காரம் என்ற பையன் காணாமல் போய்விட்டான், கட்டம் போட்ட சட்டை, மீசை உண்டு. அந்த அறிவிப்பைக் கேட்டுத் தேரடியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் அம்மா. நான் பந்தலில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தே தப்பித்துக்கொள்ளலாம் என்று அன்றைக்குப் படித்த பாடம் தப்புப் பாடம். மறக்கத்தான் முடியவில்லை.

எண்ணும்போது கூப்பிட்டவள்

எழுபதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தேன். கிணற்று மோட்டார் புகைந்து போனால் கொண்டுவருவார்கள். எரிந்த கம்பியைப் பிடுங்கிவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுக்க வேண்டும். எண்ணிச் சுற்ற வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மோட்டார் மறுபடி புகையும்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி மாணிக்கம் ஒருநாள் வண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தார். கூட அவர் மகள் தேவகி. மோட்டாரை இறக்கிவிட்டு அவர் உர மூட்டை வாங்கப் போனார். அவள் கடை வாசலில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத எல்லாம் எண்ணுவீங்களா, இல்ல குத்துமதிப்பா வுட்டுடுவீங்களா?”

“எண்ணிதாங்க சுத்தணும்.”

“நடுவுல யாராவது கூப்ட்டா?”

“மறுபடி மொதல்ல இருந்து.”

நான் பாதி சுற்று வந்ததும் பின்னாலிருந்து, “ஏங்க!” என்றாள். எண்ணிக்கை போயிற்று. திரும்பினால் வண்டி மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி, “ஏங்க!”

“இப்பிடியே போனா உங்க வயலுக்கு அடுத்த வருசம்தான் தண்ணி பாயும். நாத்துக்கு இப்பவே சொல்லிடுங்க, தாகம் எடுத்தா எச்சி முழுங்கிக்கச் சொல்லி” என்றேன்.

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அதற்குள் திரும்பி வந்த மாணிக்கம் உர மூட்டையை இறக்காமல் அப்படியே நின்று பார்த்தார்.

மோட்டாரை எடுக்க அடுத்த தடவை தனியாக வந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். “அவ அம்மா தவறிப் போனதுல இருந்து அந்தப் பொண்ணு சிரிச்சு நான் பாக்கல தம்பி. அன்னிக்குதான் சிரிச்சா. உங்க வூட்ல பெரியவங்க யாரு?”

இப்படிப் பெண் கிடைத்தவன் ஊரில் வேறு எவன் இருக்கிறான்? இரண்டே இரண்டு விஷயம்தான் சொன்னார்.

“அவ அம்மா போய் வருசம் திரும்பறதுக்குள்ள முடிச்சிடணும். இல்லன்னா தள்ளிப் போயிடும். இன்னொண்ணு, எங்க பங்காளிங்க இருக்கானுங்களே, ‘மாப்பிள்ள மெக்கானிக்கா’ன்னு இழுக்கறானுங்க. நீங்கதான் மொதலாளின்னா நம்பல. கார்டு கீர்டு அடிச்சி வெச்சிருக்கீங்களா? ஒண்ணு குடுத்தா அவனுங்க மூஞ்சி மேல வீசிடுவேன்.”

“அச்சுக்குக் குடுத்திருக்கேங்க” என்றேன்.

கொடுக்கவில்லை. என் வாயைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே.

பிள்ளையார், முருகன், மலை

என் சிநேகிதன் தனபால் சன்னதித் தெருவில் அச்சாபீஸ் வைத்திருந்தான். காலால் மிதிக்கிற ஒரே மிஷின். கல்யாணப் பத்திரிகை, கருமாதி பத்திரிகை, நடுவில் சினிமா நோட்டீஸ். ஓடிப்போய் நின்றேன்.

“இப்ப முடியாதுடா” என்றான்.

“ஒரு கார்டுடா. உள்ளங்கை அகலம்.”

“அகலத்தப் பத்திப் பேச்சில்ல. அந்த அளவு எழுத்து என்கிட்ட கம்மி. முகூர்த்த மாசம். ‘சி’ எல்லாம் சிரஞ்சீவில மாட்டிக்கிச்சி.”

எட்டிப் பார்த்தேன். மேசைமேல் வரிசையாகக் கல்யாணப் பத்திரிகைகள், ஒவ்வொன்றாகக் கோத்த ஈய எழுத்துகளாக, இறுக்கிக் கட்டப்பட்டு நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மாப்பிள்ளை. ஒவ்வொரு மாப்பிள்ளைக்கு முன்னாலும் ஒரு ‘சி’.

“ஒரு மாப்பிள்ளைகிட்ட இருந்து உருவிக் குடுறா. அவரு ‘ரஞ்சீவி’யா இருந்துட்டுப் போறாரு.”

“போடா. பத்து நாள் பொறு. ஒரு பத்திரிகை அடிச்சி முடிச்சா எழுத்தப் பிரிச்சிடுவேன். உனுக்குதான் மொதல்ல.”

பொறுத்திருக்கலாம். பூ வைக்கிற நாளுக்குக் கார்டு இல்லாவிட்டால் மாணிக்கம் ஒன்றும் என்னைத் துரத்தியிருக்க மாட்டார். ஆனால் பதற்றக்காரனுக்குப் பத்து நாள் என்பது காலம் இல்லை, கொதிக்கிற எண்ணெய்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் காலண்டர் அடிக்கும் அச்சாபீஸுக்குப் போனேன். “மேல பிள்ளையார், இந்தப் பக்கம் முருகர், நடுவுல மலை. மூணும் போட்டுதான் எங்க வழக்கம்” என்றார் முதலாளி. “என் பேருங்க?” என்றேன். “எடம் இருந்தா போடலாம்” என்றார்.

அப்போதுதான் ஆல்பக்காரரைப் பிடித்தேன். ஆசிரமத்துப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். வெள்ளைக்காரர்களுக்கும் அவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் மெட்ராஸிலிருந்து கார்டு அடித்துத் தருகிறவர். மெட்ராஸ்காரர். கையில் ஒரு ஆல்பம். திறந்தால் மாதிரிக் கார்டுகள். ஊதுபத்தி வாசனை வேறு.

ஆல்பத்தைப் பத்து தடவை புரட்டினேன். நாவிதரிடம் யோசனை கேட்டேன். பூக்காரம்மாவிடம் கேட்டேன். கோயில் யானை மட்டும்தான் பாக்கி. அதனிடமும் போனேன், பாகன்தான் பிடித்துத் தள்ளிவிட்டான்.

கடைசியில் ஒரு கார்டில் விரல் நின்றது. தடித்த காகிதம். மேடான எழுத்து. இங்கிலீஷில் யாரோ ஒரு டாக்டர் பெயர். சுற்றிலும் அரிசி அகலத்துக்குக் கறுப்புக் கோடு. பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும்.

“இதுதான் சார் இப்ப மெட்ராஸ்ல ஓடுது.”

“இதே மாதிரி. ஆனா தமிழ்ல. பங்காளிங்க படிக்கணும்.”

“போட்டுட்டா போச்சு.”

தனபாலிடம் சொல்லவில்லை. பொறுக்கச் சொன்னவனிடம், பொறுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

தட்டில் காபி

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குப் பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுக் காரியத்துக்குப் பத்திரிகை என்றால் சுற்றிலும் கறுப்புக் கோடு. அதை வாசலுக்கு வெளியே நின்று படிப்பார்கள். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டு வாசலில் நானே கிழித்திருக்கிறேன். ஆனால் ஆல்பத்தில் இருந்தது இங்கிலீஷ். இங்கிலீஷைச் சுற்றி இருந்தபோது அந்தக் கோடு டாக்டராகத் தெரிந்தது. அதே கோட்டுக்குள் தமிழில் என் பெயர் வந்து உட்கார்ந்ததும் நான் செத்துப் போய்விட்டேன். அதை நான் மட்டும்தான் கவனிக்கவில்லை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் தடவியும் பெயருக்கு வெளியே என் விரல் போகவே இல்லை.

மாணிக்கத்தின் வீட்டில் கூடம் நிறைந்திருந்தது. பங்காளிகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தட்டில் பூவை நகர்த்தி நகர்த்தி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரில் தேவகியின் அம்மா படம், சந்தன மாலை, ஒரு சின்ன விளக்கு.

“வாங்க வாங்க, மொதலாளி வந்துட்டாரு!” என்று மாணிக்கம் பங்காளிகள் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “கார்டு எடுத்தாந்தீங்களா?”

இரண்டு கையாலும் கொடுத்தேன்.

வாங்கினார். பார்த்தார். சிரித்த முகம் அப்படியே இருந்தது; கண் மட்டும் மாறியது. அவர் கால் தானாக வாசலைப் பார்த்து ஓரடி நகர்ந்தது. பல மாதங்களுக்கு முன்னால் இதே கோடு போட்ட பத்திரிகையைக் கட்டுக் கட்டாக இந்த வீட்டிலிருந்து ஊருக்கு அனுப்பியவர் அவர்.

அவருடைய அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “ஏம்பா, உங்க வூட்ல யாரு தவறிட்டாங்க? சொல்லவே இல்லையே?”

என் அம்மா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கோட்டை நான் பார்த்தேன்.

அந்த நிமிஷம் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். “தப்பா அடிச்சிட்டாங்கம்மா” என்று வாங்கிப் பையில் போட்டிருந்தால், பங்காளிகள் கொஞ்சம் சிரித்திருப்பார்கள், காபி வந்திருக்கும், பூ வைத்திருப்பார்கள்.

காபி வந்துகொண்டுதான் இருந்தது. தேவகி தட்டோடு உள்ளிருந்து வந்து, கதவருகே நின்றாள். அவளைப் பார்த்ததும் என் வாய் திறந்துகொண்டது.

“நான்தாங்க தவறிட்டேன்! பதினாறாம் நாள் சாப்பாடு நம்ம கடையிலதான். எல்லாரும் குடும்பத்தோட வந்துடுங்க, வடை பாயசத்தோட ஜமாய்ச்சிடலாம்!”

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பாள் என்று. கடை வாசலில் சிரித்தாளே, அதே மாதிரி வாயைப் பொத்திக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஒரு டம்ளர் கூடத் தளும்பாமல், தட்டைத் தரையில் வைத்தாள். உள்ளே போனாள்.

மாணிக்கம் கார்டைக் கிழிக்கவில்லை. அவர் மனுஷர். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “காபி எடுத்துக்குங்க. ஆறுது” என்றார்.

அன்றைக்குப் பூ வைக்கவில்லை. நேரம் சரியில்லை என்று யாரோ சொன்னார்கள். தட்டில் பூ அப்படியே வாடிப்போய் எங்களோடு பஸ்ஸில் திரும்பியது. வழி முழுக்க அம்மா அந்தத் தட்டை முந்தானையால் மூடியே வைத்திருந்தாள். மாமன் மட்டும் ஒரு தடவை, “உனுக்கு எவன்டா வாய வெச்சான்?” என்றார்.

கரும்புச் சாறு

ஒரு வாரம் கழித்து மாணிக்கம் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

“நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல தம்பி. அக்காகிட்டயும் பேசிட்டேன், ஒரு கோட்டுக்காக ஒரு பையன வுட முடியுமான்னு. பொண்ணுதான் வேணாம்னுடுச்சி.”

“கோடு என் தப்புதாங்க. வேற அடிச்சிடறேன்.”

“கோடுன்னு அவ சொல்லவே இல்லப்பா. ‘எங்கம்மாவோட பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு நான்தான் எல போட்டேன். அவருக்கு அது சிரிப்பா இருக்குது’ன்னா. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?”

மெட்ராஸ் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தனபாலிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். வேறு ஆபீஸில் அடித்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்டை வாங்கிப் பார்த்தான். “சின்னதா அடிச்சா சாவு சின்னதாயிடுமா?” என்று மட்டும் கேட்டான். பிறகு, “கெளம்பு. நேர்ல போய் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வா. சிரிக்காம” என்றான்.

பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ‘தேவகி, அன்னிக்கு நான் பேசினது’ என்று ஆரம்பித்தால் கடைசியில் ஒரு ஜோக் வந்து ஒட்டிக்கொள்ளும். பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தால் வேறொன்று வந்து ஒட்டும். கீழ்பென்னாத்தூரில் இறங்கினேன். எதிரில் கரும்புச் சாறு வண்டி. ஒரு டம்ளர் குடித்தேன். இஞ்சி ஜாஸ்தி. அதே பஸ் திரும்பி வந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அந்த இஞ்சிக் காரம் இன்றைக்கும் தொண்டையில் இருக்கிறது.

ஆல்பக்காரரிடம் சண்டைக்குப் போனேன், யார் மேலாவது பழியைப் போட வேண்டுமே. “இங்கிலீஷ்ல போட்டிருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது சார்” என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

எழுத்து வந்துவிட்டது

அதற்கப்புறம் ஒருநாள் தனபாலின் ஆபீஸுக்குப் போனபோது, மேசைமேல் கட்டி வைத்திருந்த ஒன்றை அவன் கையால் மறைத்தான். ஈய எழுத்து தலைகீழாக இருக்கும். எனக்குப் படிக்க வராது. ஆனால் கம்பியில் ரோஸ் காகிதத்தில் புரூஃப் தொங்கியது. ஈரம் காயவில்லை. கீழ்பென்னாத்தூர் என்று ஆரம்பித்தது. கொஞ்சம் கீழே, சௌபாக்கியவதி தேவகி.

“இங்கதான் குடுத்தாங்களா?”

“அவங்க வூட்டுக் கருமாதி பத்திரிகையும் நான் அடிச்சதுதானே. நல்லதுக்கும் இங்கதான் வருவாங்க.” புரூஃபைக் கம்பியிலிருந்து உருவி என்னிடம் நீட்டினான். “எனக்குக் கண்ணு எரியுது. தப்பு இருக்கான்னு பாக்கறியா?”

பார்த்தேன். வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். தனபால் அடிக்கிற பத்திரிகையில் ஒரு தப்பாவது இருக்கும். ஊரே கேலி பண்ணும். ஒரு தப்பு கிடைத்தால் போதும், இன்னொரு நாளாவது இது அச்சேறாமல் கிடக்கும் என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை.

வாய் திறக்கிறதா என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. தேவைப்பட்ட கூடத்தில் மூடாத வாய், அச்சாபீஸில் வந்து மூடிக்கொண்டது.

“சரியாதான்டா இருக்கு” என்றேன்.

இதை எல்லாம் என் மனைவி அறிவாள். இந்தக் கதையை அச்சுக்கு அனுப்புமுன் படித்துவிட்டு, “தப்பிச்சிட்டா அந்தப் பொண்ணு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் இன்றைக்கும் காயில் சுற்றும்போது கடைக்கு வெளியே யாராவது, யாரையோ, “ஏங்க!” என்று கூப்பிட்டால் எனக்கு எண்ணிக்கை போய்விடுகிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தேவகியின் கல்யாணம் முடிந்த பிறகு தனபால் ஆள் சொல்லி அனுப்பினான். எழுத்து வந்துவிட்டதாம்.

நான் போனபோது அந்தப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெயில் கழுவி, எழுத்தெழுத்தாகப் பெட்டியில் போட்டான். ஒரே ஒரு ‘சி’யை மட்டும் பெட்டியில் போடாமல் தனியாக வைத்தான். பிறகு என் பெயரைக் கோத்தான். கோடு இல்லை, பிள்ளையார் இல்லை, மலை இல்லை. மிஷினை மிதித்தான். முதலில் வந்த கார்டின் நாலு மூலையிலும் சாமி படத்துக்கு முன்னால் இருந்த மஞ்சளைத் தொட்டுத் தடவி என்னிடம் நீட்டினான்.

பழக்க தோஷம், விரலால் தடவிப் பார்த்தேன். எழுத்து ஒன்றும் தட்டவில்லை.

“திருப்பித் தடவுடா” என்றான்.

திருப்பினேன். மிஷின் அழுத்திய அழுத்தத்தில், அட்டையின் பின்பக்கம் என் பெயர் முழுக்க மேடாக எழும்பியிருந்தது. அதிலும் ‘சி’ மற்ற எழுத்துகளைவிட மேடாக நின்றது. தேவகியின் மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த எழுத்து அது.